செம்பருத்திப் பட்டையை உரித்தது யார்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சொந்த வீடு, மாடியில் குடித்தனம். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் நாலடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறார்கள். அதில் மாமியார் வைத்த செடிகள்: இரண்டு செம்பருத்தி, ஒரு அடுக்கு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி, கொய்யா, கறிவேப்பிலை. பொங்கல் முடிந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பட்டை போகிறதாம். செம்பருத்தியில் இடுப்பு உயரம் வரைக்கும் நார் நாராக உரிந்து தொங்குகிறது. அந்த உயரத்துக்கு இலையும் இல்லை. கொடிக்கம்பி கட்டிய நந்தியாவட்டையில், கத்தியால் சுற்றி அறுத்ததுபோல ஒரு வளையம். இலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. கொய்யாவில் பட்டை செதில் செதிலாக உதிர்கிறது, கிளை பிரியும் இடத்தில் ஒட்டடை படிந்திருக்கிறது. கறிவேப்பிலைத் தண்டு கறுத்துவிட்டது. யாரோ ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிறார்.

சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரர்மேல். பூவும் சருகும் தன் வாசலில் விழுவதாக அவர் பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறார். தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையைப் பறிப்பதும் அந்த வீட்டார்தான் என்கிறார் வாசகி. கேமரா வைக்கலாமா, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். இதற்குள் காயங்களில் பழைய எஞ்சின் ஆயில் தடவி, வேருக்குக் கைப்பிடி யூரியாவும் போட்டாயிற்று. செடி விற்பவர் ஒருவர் போரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையை வாங்கிப் போடச் சொன்னாராம். கணவரோ, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: அரளியை மட்டும் யாரும் தொடவில்லையே, பேசாமல் சுவரோரம் முழுக்க அரளியே வைத்துவிடலாமா?

சகோதரி, நீங்கள் போகிற போக்கில் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் உதவியது. நீங்கள் அனுப்பிய படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் செடிகளுக்கு நடந்திருப்பது ஒரே சம்பவம் இல்லை. நாலு செடிக்கு நாலு வேறு காரணம். எல்லாம் ஒரே சமயத்தில் கண்ணில் பட்டதால் ஒரே ஆள் செய்ததாகத் தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் இன்னும் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பேச வேண்டாம்.

செம்பருத்தி: வந்தது ஆள் இல்லை, ஆடு

உங்கள்மேல் கோபமாக இருக்கும் ஒருவர் செம்பருத்தியை உரிக்கிறார் என்றால், கையெட்டும் தூரத்தில் நிற்கும் அரளியை ஏன் விட்டுவைக்க வேண்டும்? அரளியின் இலை, பூ, பட்டை எல்லாமே நஞ்சு. அதனால்தான் ஆடு பச்சை அரளியில் வாய் வைப்பதில்லை. செம்பருத்தி அதற்கு விருந்து.

படத்தில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உரிந்த நாரின் மேல்நுனி தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்நுனி பிய்ந்து தொங்குகிறது. கீழிருந்து மேலாக இழுத்தால்தான் இப்படி வரும். ஆட்டுக்கு முன்பக்கத்தில் மேல்வரிசைப் பல் கிடையாது. கீழ்ப்பல்லைப் பட்டைக்குள் கொடுத்து, தலையை மேலே உதறி இழுக்கும். வெளியே தெரியும் வெள்ளைக் கட்டையில் அகலமான, ஆழமில்லாத கீறல்கள், எல்லாம் மேல்நோக்கி. கத்தியோ பிளேடோ பட்டிருந்தால் காயத்தின் ஓரம் நேராக இருக்கும், ஒரு முனையிலாவது வெட்டு தெரியும். இங்கே அப்படி ஒன்றுமில்லை.

இலை விஷயமும் அப்படித்தான். தலைக்குத் தேய்க்க இலை பறிப்பவர் நின்றபடி, கைக்கு வாகான உயரத்தில், தளிராகப் பார்த்துப் பறிப்பார். குனிந்து முழங்காலிலிருந்து இடுப்பு வரைக்கும் மொட்டையடிக்க மாட்டார். ஓர் உயரத்துக்குக் கீழே மட்டும் இலை இல்லை என்றால், அது ஆட்டின் வாய் எட்டிய உயரம். கேட்டுக்குப் பக்கத்திலும் செடி மூட்டிலும் புழுக்கை கிடக்கிறதா என்று காலையில் பெருக்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கமெல்லாம் அவிழ்த்துவிட்ட ஆடு தெருவில் திரிவது ஒன்றும் புதிதில்லை. தண்ணீர் லாரிக்கும் மாடிக் குடித்தனத்தின் வண்டிக்கும் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு மறப்பதும் புதிதில்லை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இதே காயம் தரையை ஒட்டி, மெல்லிய பல்தடம் இரண்டிரண்டாகச் சேர்ந்தாற்போல் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி. மண்ணில் வளையும் இருக்கும். மேல் கிளைகளில் மட்டும் நார் காணாமல் போனால் அணில் கூடு கட்டுகிறது என்று பொருள். அதனால் செடிக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடலாம். தண்டின்மேல் மண் பூசினதுபோல் இருந்தால் கரையான். அது பெரும்பாலும் காய்ந்த மேல்பட்டையைத்தான் தின்னும். மண்ணைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, அடியில் பச்சை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நந்தியாவட்டை: கொடிக்கம்பி செய்த வேலை

இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது. அந்த வளையத்தை அறுத்தது உங்கள் வீட்டுக் கொடிக்கம்பிதான். கம்பியைக் கட்டிய அன்று அது தளர்வாக இருந்திருக்கும். தண்டு பருக்கப் பருக்க, விரலில் மோதிரம் இறுகியதுபோல இறுகிவிட்டது. படத்தில் வளையத்துக்கு மேலே தண்டு புடைத்திருக்கிறது, கீழே மெலிந்திருக்கிறது. இந்தப் புடைப்பு ஒரு ராத்திரியில் வராது. பல மாதம் பிடிக்கும். யாராவது போன வாரம் கத்தியால் அறுத்திருந்தால் புடைப்பே இருக்காது.

புடைப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற காயங்களையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். இலை தயாரிக்கும் உணவு பட்டையின் உட்பக்கத்தில் உள்ள புளோயம் வழியாகக் கீழே வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சும் தண்ணீரோ பட்டைக்கு உள்ளே இருக்கும் கட்டை வழியாக மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவில் கேம்பியம் என்ற வழவழப்பான மெல்லிய படலம். புதுப்பட்டையும் புதுக்கட்டையும் உருவாவது அதிலிருந்துதான். கம்பி பட்டையை இறுக்கினால் கீழே இறங்க வேண்டிய உணவு வளையத்துக்கு மேலேயே தங்கிவிடும், அந்த இடம் புடைக்கும். தண்ணீர் மட்டும் வழக்கம்போல ஏறிக்கொண்டிருப்பதால் இலை பல வாரம் பச்சையாகவே இருக்கும். அதற்குள் வேர் பட்டினி கிடந்து நலிந்துவிடும். இலை மஞ்சளாகும்போதுதான் நாம் கவனிக்கிறோம், அன்றைக்கு யார் பக்கத்தில் நின்றார்களோ அவர்மேல் சந்தேகப்படுகிறோம்.

முதல் வேலை, கம்பியைக் கழற்றுவது. கட்டிங் பிளேயரால் இரண்டு மூன்று இடத்தில் நறுக்கி, வெளியே இருக்கும் துண்டுகளை மட்டும் எடுங்கள். பட்டைக்குள் புதைந்துவிட்ட துண்டைத் தோண்டி எடுக்கப் போகாதீர்கள். எஞ்சியிருக்கும் பட்டையும் கிழிந்துவிடும். வளையத்தில் எங்காவது ஓரிடத்தில் பட்டை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்கு இருந்தாலும் நம்பிக்கை உண்டு.

முழுதும் போயிருந்தாலும் செடியை இழக்க வேண்டியதில்லை. நர்சரிக்காரர்கள் விண்பதியம் போடும்போது வேண்டுமென்றே பட்டையை வளையமாக உரித்து, அதற்கு மேலே வேர் விட வைக்கிறார்கள். உங்கள் கொடிக்கம்பி அந்த வேலையில் பாதியைச் செய்து முடித்துவிட்டது. புடைப்பின் கீழ்விளிம்பைச் சுத்தமான பிளேடால் லேசாகச் சுரண்டி, வடியும் பாலைத் துணியால் ஒற்றி எடுங்கள். நனைத்துப் பிழிந்த தென்னைநார்க் கழிவை ஒரு கைப்பிடி அளவு புடைப்பையும் வளையத்தையும் மூடும்படி வைத்து, பாலிதீன் தாளைச் சுற்றி இரண்டு முனையையும் இறுகக் கட்டுங்கள். வெயில் படாமல் அதன்மேல் ஒரு துணி. ஒன்றரை இரண்டு மாதத்தில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரியும். அப்போது அதற்குக் கீழே அறுத்துத் தொட்டியில் வைத்து நிழலில் வளர்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் உள்ளே ஈரம் நிற்காது, அதனால் இந்த வாரமே செய்யுங்கள். இலை ஏற்கெனவே மஞ்சளாகத் தொடங்கிவிட்டதால் நிச்சயம் வரும் என்று சொல்ல மாட்டேன். அடித்தண்டில் துளிர்க்கும் கிளைகளில் இரண்டைக் கிள்ளாமல் விட்டுவையுங்கள். மேலே போனாலும் நந்தியாவட்டை அடியிலிருந்து எழுந்துவிடும்.

கொடிக்கம்பிக்குச் சுவரில் ஒரு கொக்கி அடித்துவிடுங்கள். செடிக்கு முட்டு கொடுக்க வேண்டியிருந்தால் பழைய பருத்தித் துணியால், தண்டையும் குச்சியையும் எட்டுப்போல் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அவிழ்த்துக் கட்ட வேண்டும். சீரியல் லைட், நைலான் கயிறு, நர்சரிக்காரர் பெயர்ச்சீட்டு கட்டிய மெல்லிய கம்பி எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

பிழைக்குமா என்று எப்படித் தெரியும்?

ஒரு முழ நீளத்துக்குப் பட்டை உரிந்த செம்பருத்தியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள்; விரல் அகலமே உள்ள நந்தியாவட்டை வளையத்தைச் சின்னக் காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலவரம் நேர்மாறு. காயத்தின் நீளம் இரண்டாம்பட்சம். தண்டின் சுற்றளவில் எத்தனை பங்கு போனது என்பதுதான் கணக்கு. கால் பங்குக்குள் என்றால் செடி தானே சமாளிக்கும். பாதி வரைக்கும் போயிருந்தால் தண்ணீரும் நிழலும் கொடுத்துக் காப்பாற்றிவிடலாம். முழுச்சுற்றும் போயிருந்தால் அந்தத் தண்டின் மேல்பகுதியைக் கைகழுவிவிட வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் விரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் இல்லை. மேலிருந்து கீழே கீறிக்கொண்டே வந்தால் உயிர் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கில், உங்கள் முதல் செம்பருத்தி தப்பித்துவிட்டது. இரண்டாவதில் நாலு தண்டில் இரண்டு முழுக்க உரிந்திருக்கிறது. அந்த இரண்டை மட்டும் காயத்துக்குக் கீழே, ஒரு கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டுங்கள். சித்திரைக்குள் துளிர்விட்டுவிடும். புதர்ச்செடியில் இது ஒரு வசதி, ஒரு தண்டு போனால் செடியே போனது என்று ஆகாது. ஒட்டுக்கட்டிய ரோஜா வைத்திருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: ஒட்டுக்குக் கீழே வெட்டிவிட்டால் வருவது காட்டு ரோஜாதான்.

பட்டை உரிந்து சில மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு வழி உண்டு. உரிந்த பட்டை ஈரமாகவே இருந்தால் அதை அதே இடத்தில் பொருத்தி, நனைத்த துணியைச் சுற்றி, மேலே பாலிதீன் கட்டி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பிரித்தால் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. காய்ந்து சுருண்ட பட்டையில் இது நடக்காது. தொங்கும் நாரைக் கத்தரித்து, காயத்தின் ஓரத்தைச் சுத்தமான பிளேடால் நல்ல பட்டை வரைக்கும் சீராக்கினால் போதும்.

அதன்மேல் எதையும் பூச வேண்டாம். எஞ்சின் ஆயில் பூசியதை, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். அந்த ஆயில் உயிருள்ள கேம்பியத்தையும் கெடுக்கும். ரெட் ஆக்சைடு, தார், பெயின்ட் எல்லாம் ஈரத்தை உள்ளே அடைத்துவைத்துப் பூஞ்சாணத்துக்கு வசதி செய்து கொடுக்கும். அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வன ஆய்வாளர் ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துக் கண்டது என்னவென்றால், மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு மேலே புதிதாக வளர்கிறது. அந்த வேலைக்கு நாம் பூசும் பூச்சு உதவுவதாக அவருக்குத் தெரியவில்லை. யூரியாவும் இனி வேண்டாம். வேர் நலிந்திருக்கும்போது உரம் சுமைதான். அதிலும் உங்கள் பகுதியில் கடல்நீர் உட்புகுந்து போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகள் நிறைய. உப்போடு யூரியாவும் சேர்ந்தால் வேர் கருகும். போட்டது போட்டாயிற்று, நல்ல தண்ணீராக இரண்டு மூன்று குடம் விட்டு மண்ணைக் கழுவிவிடுங்கள்.

கொய்யாவும் கறிவேப்பிலையும்

கொய்யாப் பட்டை செதிலாக உதிர்வது அதன் சுபாவம். உதிர்ந்த இடத்தில் வழவழப்பாக, இளம்பச்சையாக இருந்தால் மரம் ஆரோக்கியமாக இருக்கிறது. நீங்களாக உரிக்காதீர்கள்.

ஆனால் நீங்கள் ஒட்டடை என்று விட்டுவிட்ட விஷயத்தைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். கிளை பிரியும் இடத்தில், மரத்தூள்போலப் பழுப்புத் துகள்கள் நூலில் கோத்த மாதிரி பட்டைமேல் ஒட்டிக்கொண்டு நீள்கிறதே, அது பட்டை தின்னும் புழுவின் வேலை. கொய்யா, மா, மாதுளை, முருங்கை என்று பலவற்றிலும் வரும். பகலில் கவட்டியில் துளை போட்டு உள்ளே இருக்கும். ராத்திரி வெளியே வந்து அந்தத் துகள் கூரைக்கு அடியிலேயே பட்டையைச் சுரண்டித் தின்னும். அந்தத் துகளில் பாதி மரத்தூள், பாதி அதன் எச்சம். வட சென்னைத் தூசியில் எல்லாமே ஒட்டடையாகத்தான் தெரியும், உங்களைக் குறை சொல்ல முடியாது.

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அதைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் துளை தெரியும். சைக்கிள் ஸ்போக் கம்பியை உள்ளே மெதுவாகச் செலுத்தித் திருகுங்கள், பெரும்பாலும் புழு நசுங்கிவிடும். பிறகு ஒரு சின்னப் பஞ்சில் சில சொட்டு பெட்ரோல் நனைத்துத் துளைக்குள் திணித்து, களிமண்ணால் அடைத்துவிடுங்கள். பட்டையில் வழியவிடக் கூடாது, பக்கத்தில் நெருப்பு கூடாது. மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஈரமான, செம்பழுப்புத் துகள் புதிதாக வந்திருந்தால் புழு தப்பிவிட்டது, இன்னொரு முறை செய்யுங்கள். சாம்பல் நிறத்தில் காய்ந்த தூள் மட்டும் இருந்தால் கதை முடிந்தது.

கறிவேப்பிலையில் ஆசிட் இல்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றியிருந்தால் கீழே சிமென்ட் தரை அரித்து வெளுத்துப் போயிருக்கும். படத்தில் தரை நன்றாக இருக்கிறது. ஈரத்துணியால் தண்டைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு துணியில் வந்துவிட்டால் அது கரும்பூஞ்சாணம். செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ கழிக்கும் இனிப்புத் திரவத்தின்மேல் வளர்வது. தண்டில் எறும்பு ஏறி இறங்குவதையும் பார்த்திருப்பீர்களே? அதே இனிப்புக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சமையலுக்குப் பறிக்கும்போது இலையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

குருணை வேண்டாம்

அந்தப் போரேட் குருணையை வாங்கியிருந்தால் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசு 2018-ல் போட்ட ஆணைப்படி, போரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. துளையில் விடச் சொல்லிப் பழைய தோட்டக்காரர்கள் சிபாரிசு செய்யும் டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துக்கும் அதே தேதியில் தடை வந்துவிட்டது. குருணை மருந்து வேர் வழியாகச் செடி முழுக்க ஏறும். நீங்கள் ரசத்தில் போடும் கறிவேப்பிலை அதே நாலடி மண்ணில்தான் நிற்கிறது. உங்கள் பிரச்சினையில் ஆட்டையும் கொடிக்கம்பியையும் எந்தக் குருணையும் தடுக்காது என்பது வேறு விஷயம். எலிக்கு மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் வைக்கும் எண்ணமும் வேண்டாம். உள்ளே போனால் மாற்று மருந்து இல்லாத விஷம் அது.

பக்கத்து வீடு, கேமரா, கேட்

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. இருக்கும் அடையாளங்கள் எல்லாம் அவரைக் குற்றமற்றவர் என்றுதான் சொல்கின்றன. கேமரா வைத்தே தீருவது என்றால் உங்கள் கேட்டையும் செடியையும் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். அவர் வாசலை நோக்கி வைத்தால், சருகுச் சண்டை அந்தரங்கச் சண்டையாக மாறும். அவருடைய சருகுப் புகாரில் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரைத் தாண்டிய கிளைகளை நீங்களே கழித்துவிட்டால் பாதிப் பகை குறையும்.

ஆட்டுக்காரர் விஷயம். 1871-லேயே வந்த கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ஆடும் அடக்கம். நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் கால்நடையைப் பிடித்து, அதற்கென உள்ள பட்டியில் ஒப்படைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் இரண்டு செம்பருத்திக்காக ஒருத்தர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போனால் தெருவில் உங்கள் பெயர் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து தொல்லையாக இருந்தால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிவையுங்கள். கேட் தானாகச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்பிரிங், கேட்டின் கீழ் இடைவெளிக்கு ஒரு பலகை, செம்பருத்தியைச் சுற்றி நாலடி உயரக் கம்பிவலை. இது போதும். வலை தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தண்டை அறுக்கும். வலை வரும் வரைக்கும் சாணியைக் கரைத்து இலையிலும் தண்டிலும் தெளித்துவையுங்கள், ஆடு வாய் வைக்காது.

கத்திரிக்கு முன், ஐப்பசிக்கு முன்

இலை இல்லாத தண்டுமேல் மே மாத வெயில் நேராக அடித்தால் மேற்குப் பக்கப் பட்டை வெந்து வெடிக்கும். சிமென்ட் சுவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். பங்குனிக்குள் தண்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். காயத்தின்மேல் வேண்டாம், சுற்றியுள்ள நல்ல பட்டையில் மட்டும். இப்போதைக்குப் பெரிய கவாத்து (கிளை வெட்டுதல்) எதுவும் செய்யாதீர்கள். சருகு மூடாக்கு போடலாம், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. மூட்டில் குவித்துவைத்தால் ஈரம் தேங்கிப் பட்டை அழுகும், எலிக்கும் மறைவாகும்.

கணவரின் சிமென்ட் யோசனைக்கு: போடத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் குறைந்தது ஓரடி மண் விடச் சொல்லுங்கள். தண்டை ஒட்டிப் பூசிய சிமென்ட், கொடிக்கம்பி செய்ததையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும்.

வடகிழக்குப் பருவமழையில் உங்கள் பக்கம் தண்ணீர் நிற்பது தெரிந்ததுதான். புரட்டாசியில் ஒருமுறை, கொய்யாவுக்கும் வெட்டிய தண்டுகளின் முனைக்கும் போர்டோ பசை தடவலாம். மேலே எதையும் பூச வேண்டாம் என்றேன், இது மழைக்காலப் பூஞ்சாணத்துக்கு மட்டும். நூறு கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், நூறு கிராம் நீற்றாத சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக் கலக்குங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கொதிக்கும், முகத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, அப்படியே தடவினால் பட்டை வெந்துபோகும். நிறம் படியாத வரைக்கும் சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டே வாருங்கள். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

அப்புறம், அரளி. சுவரோரம் முழுக்க வைக்கலாம். உப்புக்காற்றையும் உப்புத் தண்ணீரையும் தாங்கும், ஆடும் தொடாது. ஆனால் பூவையோ இலையையோ வாயில் வைக்கும் வயதில் மாடிக் குடித்தனத்தில் குழந்தை இருந்தால் வேண்டாம். இரண்டாவது, கவாத்து செய்த அரளிக் கிளையைத் தெருவில் போடாதீர்கள். பச்சையாக இருக்கும்போது ஒதுக்கும் மாடும் ஆடும் வாடிய இலையைச் சில சமயம் தின்றுவிடும். நஞ்சு வாடினாலும் போகாது, சில இலையே போதும். எரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் ஆகாது. பையில் கட்டித் துப்புரவுப் பணியாளரிடம், அரளி என்று சொல்லியே கொடுங்கள்.